எட்டு நாள் அசைந்த கை

தொண்ணூற்று மூன்றாம் வருடம், ஐப்பசி மாதம். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரு முன்னறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான் வீடு. முன்னறையில் ஜன்னலை ஒட்டி என் தையல் மெஷின். அதற்கு எதிரே ஒரு மர நாற்காலி. அதில் என் வீட்டுக்காரர். அவருக்கு வயது ஐம்பத்தேழு. மறதி நோய் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், கட்டிக்கொடுத்துக் கோவில்பட்டியில் இருந்தாள். அப்போது நடந்ததை அவளிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் என் மானம் போகும். இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. போனால் போகட்டும் என்று எழுதுகிறேன்.

கொஞ்சம் முன்னால் போய்ச் சொன்னால்தான் புரியும். அவர் நூற்பு மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஸ்பின்னிங்கில் சேர்ந்து, அதிலேயே மேஸ்திரி ஆனவர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட் என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். முழு நைட் பார்த்துவிட்டுக் காலையில் வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டுப் பாயை விரிப்பார். இருப்பது ஒரே அறை. அவர் தூங்கியாக வேண்டும், நான் மெஷினை மிதித்தாக வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பழகிக்கொண்டார் பாவம். நான் போட்ட சத்தத்துக்குத்தான் அவரால் பழக முடியவில்லை.

எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ, பக்கத்து வீட்டுக்காரி ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தாள். அவள் புருஷனுக்கும் அதே மில்தான். பேச்சோடு பேச்சாக ஒரு விஷயத்தைச் சொன்னாள். "ஒங்க வீட்டுக்காரரு மில்லுக்குள்ள வாயத் தொறந்தே பேச மாட்டாராம்லா? கோன் வைண்டிங்குல ஒருத்தி இருக்காளாம். அவகூடக் கையாலயே அம்புட்டுப் பேச்சும் நடக்குமாம்." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அளவு ரவிக்கையை என் கையில் கொடுத்துவிட்டு, என் வயிற்றில் நெருப்பையும் வைத்துவிட்டுப் போனாள்.

அவரிடம் கேட்டேன். மெஷின் ஓடுகிற சத்தத்தில் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது, அதனால் மில்லுக்குள் எல்லாருமே கையால்தான் பேசுவோம் என்றார். நூற்ற நூலைச் சுற்றிய தாறு ஸ்பின்னிங்கில் இருந்து, அதைப் பெரிய கோனில் மாற்றிச் சுற்றுகிற கோன் வைண்டிங்குக்குத்தான் போகும், அங்கே இருப்பவர்களிடம் சைகை காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது என்றும் கேட்டார். நியாயமான பதில்தான். ஆனால் எல்லாரும் எல்லாரோடும் பேசட்டும், அவளோடு எதற்கு என்பதுதான் என் கேள்வி. நான் விடவில்லை.

அவர் கண் அசந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மெஷினை நிறுத்திவிட்டுப் போய்த் தோளைத் தட்டி எழுப்புவேன். அவள் சிவப்பா கறுப்பா? புருஷன் இருக்கிறானா? நேற்று என்ன சைகை காட்டினாள்? அவர் பாயில் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்க முடியாமல், "ஏட்டி, செத்த நேரம் கண்ணசர விடுட்டி" என்பார். அதுவே எனக்கு ஒரு ஒப்புதல் வாக்குமூலம் மாதிரித் தெரியும். மனதில் ஒன்றும் இல்லாதவர் நேராகப் பதில் சொல்ல வேண்டியதுதானே என்று இன்னும் கொஞ்சம் கத்துவேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, வருடக்கணக்கில் இப்படி நடந்தது.

எண்பத்துநாலில் ஒரு காலை. முழு நைட் முடிந்து சைக்கிளில் வந்தவர் தூக்கக் கலக்கத்தில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் மோதினார். மண்டையில் நல்ல அடி. மத்தியானம் வரை நினைவு திரும்பவில்லை. தையல் போட்டார்கள். ஒரு மாதத்தில் மறுபடியும் மில்லுக்குப் போய்விட்டார். அடிபட்டதற்கு முந்தின பகலிலும் நான் அவரை எழுப்பிச் சண்டை போட்டிருந்தேன் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அவர் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை.

தொண்ணூறில் மறதி ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார். பிறகு முப்பது வருடம் பார்த்த மெஷின் முன்னால் நின்று, இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டாராம். வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மதுரையில் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். டாக்டர் கேட்ட முதல் இரண்டு கேள்விகள் இவைதான்: எப்போதாவது தலையில் அடிபட்டதா? தூக்கம் எப்படி? இரண்டுக்கும் நான்தான் பதில் சொன்னேன். இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதும்மா, ஆனால் இரண்டுமே மூளைக்கு ஆகாத விஷயம் என்றார். நான் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. தொண்ணூற்று மூன்று ஆவணியில் அவரிடம் மிஞ்சியிருந்தவை மூன்றுதான். 'தண்ணி', 'போதும்', 'ஏட்டி'. மகள் பெயர்கூட இல்லை. 'ஏட்டி' மட்டும் இருந்தது. என்னைத்தான் கூப்பிடுகிறார் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அந்த ஆவணியில்தான் அவள் வந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பலகாரம் முடிந்த நேரம். வாசலில் ஒல்லியாக ஒரு பொம்பளை, என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், முன்பல் ஒன்று இல்லை. "மேஸ்திரி வீடு இதானங்க? மில்லுல கோன் வைண்டிங்குல இருந்தேன். அவியளுக்கு ஒடம்புக்கு முடியலன்னு சொன்னாக, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். பத்துப் பன்னிரண்டு வருடமாக நான் அவளை மனதுக்குள் எத்தனையோ தினுசாக வரைந்து வைத்திருந்தேன். இவள்தானா அது என்று எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் வீடாம். அந்த ஊரில் இருந்து வருகிறவள் கால் கிலோ பால்கோவாகூட வாங்காமல் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று அதையும் ஒரு குற்றமாக எழுதிக்கொண்டேன்.

உள்ளே வந்தவள் அவரைப் பெயர் சொல்லியோ மேஸ்திரி என்றோ கூப்பிடவில்லை. அவர் கண்ணுக்கு நேரே நின்று, வலது கையை உயர்த்தி, இரண்டு விரலைக் காற்றில் சுற்றினாள். மாதக்கணக்காகத் தரையைத் தவிர எதையும் பார்க்காத மனிதர் தலையை நிமிர்த்தினார். முகம் மலர்ந்தது. அவர் கையும் மெதுவாக மேலே வந்தது. கட்டைவிரலை வளைத்து, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

நான் ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன், ராத்திரி ஏழு தடவை எழுந்து பார்க்கிறேன். என்னைப் பார்த்து வராத சிரிப்பு அவளைப் பார்த்து வந்தது. மெஷினில் இருந்த துணி எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். ரவிக்கையின் கைப் பக்கம் முழுவதும் கோணல், பிறகு பிரித்துத் தைத்தேன்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் வர ஆரம்பித்தாள். என்னை 'மதினி' என்று கூப்பிட்டாள். யார் யாருக்கு மதினி என்று எனக்கு வாய்வரை வரும். அவள் வந்துபோன நாளில் அவர் பகலில் தூங்கிவழிய மாட்டார், ராத்திரி கொஞ்சம் நன்றாகத் தூங்குவார். நல்லதுதானே என்று நினைக்க வேண்டியவள், அவள் வந்தால்தான் தூக்கம் வருமோ என்று பொருமினேன். அவள் இல்லாத நாளில் நானும் அவர் எதிரே நின்று இரண்டு விரலைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவேளை தப்பாகச் சுற்றினேனோ என்னவோ, ஈ ஓட்டுகிறேன் என்று நினைத்து அவரும் ஈ ஓட்டினார். அன்றைக்கு அடுப்படியில் போய் அழுதேன்.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை அவளை வாசலிலேயே நிறுத்தினேன். "இனிமே வர வேண்டாம். அவரு மில்லு நெனப்புல ரொம்பத் தவிக்காரு" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். "சரிங்க மதினி. ஏதாவது தேவைன்னா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போயிருப்பாள் போல. எனக்கு ஒரு பெரிய வேலை முடிந்த மாதிரி இருந்தது. அன்று அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். அவர் ஒரு வாய்க்கு மேல் வாங்கவில்லை.

மறுநாளில் இருந்து எல்லாம் தலைகீழாகப் போனது. சோற்றை வாயில் வைத்தால் துப்பினார். முகம் கழுவப் போனால் கையை ஓங்கினார், ஒரு தடவை அடித்தும்விட்டார். பகல் முழுவதும் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார், ராத்திரியில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. கதவு எது, சுவர் எது என்று தெரியவில்லை. உடுத்திய வேட்டியிலேயே எல்லாம் போனது. மூன்று வருடத்தில் படிப்படியாக வந்த நோய் மூன்று நாளில் மொத்தமாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அதோடு கையை அசைக்க ஆரம்பித்தார். ஒற்றை விரலை நீட்டி எதையோ தொடுகிற மாதிரி வைத்து, வெடுக்கென்று இழுப்பார். பிறகு ஐந்து விரலையும் மூடி முட்டியாக்கிக் காட்டுவார். திரும்பத் திரும்ப அதே. தொடுவார், இழுப்பார், மூடுவார். நான் குழம்பு கிண்டினாலும் மெஷின் மிதித்தாலும் எதிரே அந்தக் கை ஆடிக்கொண்டே இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. அவளைத் தேடுகிறார். அவளை வரவிடாமல் செய்ததற்குச் சோற்றைத் துப்பி என்னைப் பழிவாங்குகிறார். கட்டிய பெண்டாட்டி எதிரே உட்கார்ந்திருக்கும்போது, இல்லாத ஒருத்தியோடு கையால் பேசிக்கொண்டிருக்கிறார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, தாங்க முடியாமல் அந்தக் கையைப் பிடித்து அவர் மடியில் வைத்து அழுத்தினேன். "போதும் ஒங்க பேச்சு" என்று கத்தினேன். அவர் கையை உருவிக்கொண்டு மறுபடியும் காட்டினார். மறுபடியும் அழுத்தினேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் அவளுக்காக வந்த கண்ணீர் என்றே எடுத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் அவர் தண்ணீரைக்கூட வாங்கவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. இந்த மனிதர் போய்விடுவார் என்று முதல் தடவையாக உறைத்தது. யாரைப் பார்த்தால் சாப்பிடுவாரோ அவளைப் பார்த்தாவது சாப்பிடட்டும், என் வைராக்கியம் நாசமாகப் போகட்டும் என்று முடிவு பண்ணினேன். பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வழி முழுக்கக் கோபம் மட்டும் குறையவே இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. குடை எடுக்க மறந்திருந்தேன், அதற்கும் அவளைத்தான் திட்டினேன்.

மடவார் வளாகத்தில் விசாரித்துப் போனபோது அவள் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "ஒங்க மேஸ்திரி எட்டு நாளாச் சோறு திங்க மாட்டேங்காரு. வந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். 'ஒங்க' என்பதை அழுத்தித்தான் சொன்னேன். அவளுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. கையைக் கழுவினாள், கதவைப் பூட்டினாள், எனக்கு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல அவர் எதிரே நின்று விரலைச் சுற்றினாள். அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்க்கவே அவருக்கு நேரம் ஆனது. பிறகு அதே சைகை. தொட்டார், இழுத்தார், மூடினார்.

அவள் முகம் மாறியது. குனிந்து வேறு ஏதோ கையால் கேட்டாள். அவர் விரலைத் தூக்கி இடது தாடையில் வைத்தார்.

"மதினி, அவிய வாயத் தொறந்து பாத்தீகளா?" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"பேரிங் சூடானா மில்லுல இப்பிடித்தான் காட்டுவோம். தொட்டா சுடுது, மெசின நிறுத்துன்னு அர்த்தம். வலி பொறுக்க முடியல, நிறுத்துங்காரு மதினி. எம்புட்டு நாளாக் காட்டுதாரு?"

எட்டு நாளாக என்றேன். அடிக்கிறாரே என்று அத்தனை நாளும் சவரம் பண்ணாமல் விட்டிருந்தேன். தாடியை விலக்கிப் பார்த்தால் இடது தாடை வீங்கிக் கல் மாதிரி இருந்தது. தொட்டால் கொதித்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொள்ள, நான் வாயைத் திறந்தேன். கடைவாய்ப் பல்லடியில் சீழ் வைத்திருந்தது. அந்த நாற்றம் எனக்குப் புதிதில்லை. பல் துலக்காத வாய் என்று நினைத்திருந்தேன்.

ஆட்டோ பிடித்து எங்கள் பக்கத்து டாக்டரிடம் கொண்டுபோனோம். காய்ச்சலும் இருந்தது. ஊசி போட்டுவிட்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நல்லா இருக்கிற ஆளுக்குப் பல்லுல சீழ் வச்சா பல்லு வலிக்கும், அதோட போச்சு. இவருக்கு மூளை ஏற்கனவே நலிஞ்சு போயிருக்கும்மா. ஒடம்புல எங்க சீழ் புடிச்சாலும், வீக்கம் வந்தாலும், அது மூளையப் போய்க் கலக்கிரும். அதோட தூக்கமும் போச்சுன்னா, இருக்கிற கொஞ்ச நெனப்பும் தங்காது. திடீர்னு மோசமாப் போனா நோய் முத்திருச்சுன்னு நெனைக்கக் கூடாது, எங்க வலிக்குதுன்னு தேடணும். ஏன் இத்தனை நாள் விட்டீங்க?" அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "அவியளுக்குச் சொல்லத் தெரியல சார்" என்று எனக்காக அவள் பதில் சொன்னாள்.

சீழ் வடிந்து, பல்லைப் பிடுங்கி, பத்துப் பதினைந்து நாளில் தேறினார். சோறு வாங்கினார். ராத்திரி தூங்கினார். கதவு எது என்று தெரிந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே கலங்கினது பெரும்பாலும் தெளிந்தது. 'தண்ணி' திரும்பி வந்தது. 'போதும்' வந்தது. 'ஏட்டி' மட்டும் வரவில்லை. அதன் பிறகு உயிரோடு இருந்த நாலு வருடமும் அவர் என்னை அப்படிக் கூப்பிடவே இல்லை. என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். அந்த எட்டு நாளில் எங்கேயோ அது விழுந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து, வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன், எனக்கும் அந்தச் சைகைகளைச் சொல்லித் தாருங்கள் என்று. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். நூல் அறுந்தது, தாறு தீர்ந்தது, டீ வந்தாச்சு, மேனேஜர் வருகிறார். இத்தனை வருடம் என் வயிற்றை எரித்த பேச்சு இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. பழைய புத்தி விடவில்லை. வேறு ஒன்றும் பேச மாட்டீர்களா என்று கிண்டினேன்.

அவள் உட்கார்ந்தபடியே பாதத்தைத் தரையில் மிதிக்கிற மாதிரி அசைத்துக் காட்டினாள். "இது நீங்க. தையல் மெசின். ஒங்களுக்கு மேஸ்திரி வச்ச பேரு."

மில்லுக்குள் என்னைப் பற்றியும் பேச்சு இருந்திருக்கிறது என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. என்ன சொல்வார் என்று ஆசையாகக் கேட்டேன். அவள் பாதத்தை மிதித்துக் காட்டி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, பிறகு கையை விரித்து ஆட்டினாள். எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'வீட்டில் தூங்க விடவில்லை.'

குறையாச் சொன்னதில்ல மதினி, கண்ணு செவந்து போயி வருவாக, ஏன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே காட்டுவாக என்று அவள் சமாளித்தாள். நான் எழுந்து கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றேன்.

இப்போது பத்திரிகைகளில் படிக்கிறேன். தூங்கும்போதுதான் மூளை தன் குப்பையைக் கழுவிக்கொள்கிறதாம், தலையில் படுகிற அடி வருடங்கள் கழித்தும் வேலையைக் காட்டுமாம், உடம்பில் புகைகிற வீக்கம் மூளையையும் சேர்த்து வாட்டுமாம். என் புருஷன் நோய்க்கு நான்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. ஷிப்ட் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் இந்த நோய் வரவும் இல்லை. அதை நானும் ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்கிறேன். அவள் மேல் இருந்த பொறாமையும் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவரோடு முப்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்துவிட்டு, அவர் பேசின பாஷையில் ஒரு வார்த்தை தெரியாமல் இருந்தேனே என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பொறாமை கண்ணை மறைத்துவிட்டது என்று சொல்வார்கள். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. அந்தக் கை அசைந்ததை எட்டு நாளும் நான்தான் பார்த்தேன், நான்தான் பிடித்து அழுத்தினேன். எங்கோ இருக்கிற ஒருத்தியோடு பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த எட்டு நாளும், அவர் என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.